வெறும் பாடை திரும்பக் கூடாது

ஆடி 2, ஞாயிறு

மூன்று தாலுகாக்களின் செவிப்பறைகளைக் கிழித்தவனும், முதலமைச்சர்கள் வந்து போன மேடைகளிலெல்லாம் ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று முதற்பேச்சுப் பேசியவனும், புளியந்தாங்கல் காலனியின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியுமான தணிகாசலம் ஆகிய நான், என் ஆம்ப்ளிஃபையர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. யாராவது நம்பிவிட்டால் அது என் எழுத்தின் குற்றம், மன்னிக்கவும்.

எழுதவே வேண்டாம்தான். திண்டிவனத்துத் தொண்டை டாக்டர் ஒரு மாதம் அதிகம் பேசாதே என்று சொல்லிவிட்டார். பேசாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். அதனால் நோட்டு.

விஷயம் இதுதான். எங்கள் காலனி இடுகாடு ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே போகும் வண்டிப்பாதையின் குறுக்கே ‘பொன்மலர் நகர்’ என்று ஒரு மனைப்பிரிவு முளைத்து, இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிணம் விழுந்தால் டவுனில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்குப் போய்ச் சாவி கேட்டு வாங்கி வர வேண்டுமாம். போன மாதம் ஒரு கிழவரை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இன்று சங்கக் கூட்டம். பாடை கட்டிப் போராட்டம் என்று முடிவு. பொம்மைப் பிணம் வைக்கலாம் என்றார் செயலாளர் மதியழகன். வைக்கோல் பொம்மைக்கு எவன் அழுவான், நிஜ ஆள் படுக்கட்டும் என்று நான் சொன்னேன். யார் படுப்பது என்றார்கள். இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு நான் எப்படி மறுக்க முடியும்? பாண்டிய நாட்டுப் பெரிய பிணங்களில்கூட இத்தனை களை இருந்திருக்காது.

ஆடி 5, புதன்

இன்றைய கூட்டத்தில் ஒரு சிக்கல். ஒப்பாரி யார் பாடுவது?

எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக்குப் பச்சையம்மாள்தான் தலைவி. கல் குவாரியில் சல்லி உடைக்கும் பெண். அவர் அழுதால் கல்லும் அழும். அதனால்தான் குவாரி முதலாளி கூலி கொடுக்கிறார் என்பது என் கருத்து. அவர் எழுந்து, “பாடறதுக்கு நாங்க. தெரு முக்கு வரைக்கும் வந்துட்டு, பொம்பளைங்க நில்லுங்கன்னு திருப்பி அனுப்பிடுவீங்க. நான் பார்க்காத பாதைக்கு நான் ஏன் தொண்டை கிழியணும்?” என்று கேட்டார்.

மதியழகன் நல்லவர். வார்த்தைக்கு வார்த்தை ‘தோழர்’ போடுவார். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தோழர். முதல்ல பாதை வரட்டும்” என்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து நீலவேணி எழுந்தாள். ஏரிக்கரை ஓரமாகக் குடிசை போட்டு, பூப்பல்லக்குக் கட்டும் திருநங்கை. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாதியில் யார் செத்தாலும் அவள் கட்டிய பல்லக்கில்தான் ஊர்வலம். செவந்தியில் மயிலே கட்டுவாள்.

“பாதை வந்தா நீங்க போவீங்க அண்ணே. உள்ள ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு வரிசை இருக்கு. எனக்கு எந்த வரிசை?”

குடும்பம், வகையறா என்று சொல்ல ஆள் இல்லாதவர்களை ஏரி ஓரத்தில் புதைப்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் அவர்கள் மேலே வந்துவிடுவார்கள்.

“அதுவும் அப்புறம் பேசிக்கலாம் தோழர்” என்றார் மதியழகன்.

“அப்புறம், அப்புறம். நான் செத்த அப்புறமா?” என்று நீலவேணி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் யாரோ என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்? எனக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி. பதினாறு வயதில் ஊரை விட்டுப் போய், இன்று நார்வே நாட்டுக் கப்பலில் கேப்டன். திமிங்கிலம் குறுக்கே வந்தால் ஹாரன் அடித்து ஒதுக்குகிறவன். இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

ஆடி 9, ஞாயிறு

செத்துப் பார்த்துவிட்டேன். எழுதுகிறேன்.

உச்சி வெயிலில் ஊர்வலம். நீலவேணி கட்டிய பாடை, இந்திரன் பார்த்தால் உடனே செத்துப் போக ஆசைப்படுவான். என்னைக் குளிப்பாட்டி, நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டி, தாடைக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் விளக்கு, நெல், உடைத்த தேங்காய். எங்கள் ஆட்களுக்குப் பாதி வேலை செய்யத் தெரியாது. விளையாட்டுக்குச் செய்தாலும் முழுசாகச் செய்துவிட்டார்கள்.

முகம் வரை பூ. கண்ணைத் திறந்தால் செவந்திக்கு நடுவே ஒரு கீற்று வானம். பறை அதிர்ந்தது. பச்சையம்மாளும் மற்றவர்களும் பாடத் தொடங்கினார்கள். ஒப்பாரி என்றால் முறை சொல்லி அழ வேண்டும். மாமா என்று ஒருத்தி, சின்னய்யா என்று ஒருத்தி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் ஒரு குரல்:

ஏரி தளும்பையிலே எடுத்தூட்டி வளத்தவனே
உருண்டச் சோறு தின்ன என் உருண்டயே
வாசக் கதவடச்சு வருசமெல்லாம் ஆனபின்னே
வழிக்கதவும் அடச்சானே என் உருண்டயே

சிரிப்பு நின்றுவிட்டது. ‘உருண்டை’ என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இந்தப் பூவுலகில் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. அந்தக் கேட்டுக்கு அப்பால் மண்ணுக்குள் இருக்கிறார். இன்னொருவர் கப்பலில்.

நீலவேணிதான் பாடினாள் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நான் கேட்ட குரல் பக்கவாட்டிலிருந்து வரவில்லை. பாடைக்கு அடியிலிருந்து, மூங்கிலுக்குக் கீழே, தரையோடு தரையாக வந்தது. பாடை நகர நகர அதுவும் நகர்ந்தது.

கேட் முன்னால் போலீஸ் மறித்தது. பாடையை இறக்கினார்கள். தாசில்தார் வந்து, “சாவு விழுந்தா வந்து சாவி வாங்கிக்குங்க. பொணம் வந்தா கேட் திறக்கும். இப்ப என்ன அவசரம்?” என்றார்.

“எங்க சாவுக்கு ஒங்க சாவியா சார்?” என்று நீலவேணி கேட்டாள். கூட்டம் அதையே கோஷமாகப் பிடித்துக்கொண்டது.

எனக்குத் தாகம். எழுந்து, தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். கூட்டம் கலைந்து, காலிப் பாடையைத் தூக்கிக்கொண்டு காலனிக்குத் திரும்பினார்கள். பச்சையம்மாள் தெரு முனையில் மறித்து நின்றார்.

“போன பாடை வெறும் பாடையா திரும்பக் கூடாது. எந்த அறிவாளி இதத் தூக்கிட்டு வந்தது?”

தூக்கி வந்தவர்கள் அதை அப்படியே திருப்பிக்கொண்டு போய், நீலவேணி குடிசைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள்.

ஆடி 10, திங்கள்

காலையில் சாப்பிட உட்கார்ந்தேன். காக்கை ஜன்னல் வழியாக வந்து, என் தட்டிலேயே நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இட்லியைத் தின்றது. விரட்டினால் போகவில்லை.

ஆடி 12, புதன்

மதியழகன் போராட்டத்துக்கு அடித்த பிளெக்ஸில் என் படம். மாலையோடு. கீழே ‘பாதை காலமானது’ என்று போட்டிருந்தார். பாதை என்கிற வார்த்தை மேல் எவனோ மாட்டுத்தீவன நோட்டீஸ் ஒட்டிவிட்டான். விளைவு, மரக்காணத்திலிருந்து என் ஒன்றுவிட்ட அத்தை பேருந்து பிடித்து, மார்பில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

நான்தான் கதவைத் திறந்தேன். அத்தை என்னைத் தாண்டி உள்ளே போய், ஹாலின் நடுவில் உட்கார்ந்து அழுதார். “அத்த, நான்தான், உயிரோட இருக்கேன்” என்றேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, சுவரைப் பார்த்து, “ஒத்தையா கெடக்குதே அந்தப் புள்ள, அதுக்காவது இனிமே யாராவது சோறு போடுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்கலாம். அத்தைக்குக் காது மந்தம், கண் புரை, வயது நானூற்று எழுபது. விட்டுவிட்டேன்.

ஆடி 13, வியாழன்

டாக்டர் சொன்னதை மீறி ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு, அடுத்த போராட்டத்துக்கு அறிவிப்புச் செய்யப் போனேன். “அன்பார்ந்த பொதுமக்களே” என்றேன். குழாய் பேசவில்லை. ஒயரைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிகிறது. ஆட்டோக்காரன் வாங்கி ‘ஹலோ’ என்றான், ஊரே அதிர்ந்தது. திருப்பி என்னிடம் கொடுத்தான். நான் பேசினால் உஸ் என்று காற்று. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காற்றுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஆட்டோக்காரன் என்னைத் தெரு முனையில் இறக்கிவிட்டான். பணம் வேண்டாம் என்றான்.

டீக்கடையில் “ஒரு டீ” என்று மூன்று தரம் சொன்னேன். எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்தார்கள்.

ஆடி 16, ஞாயிறு

நீலவேணி குடிசைப் பக்கம் பகலிலும் ஒருவரும் போவதில்லையாம். பாடையில் பூ வாடவே இல்லையாம். உச்சிவேளையில் அதன் அருகில் நின்றால் யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கும் மூங்கில் சத்தம் கேட்கிறதாம்.

சங்கக் கூட்டத்தில் பச்சையம்மாள் சொன்னார்: “மறுபடி தூக்கணும். அந்தப் பக்கம் போய்ட்டு வரணும். இந்தத் தரம் பொம்பளைங்க தூக்குறோம். நீங்க பாதை கேட்டீங்க, கெடைக்கல. எங்களோட சேத்துக் கேளுங்க, என்னா கெட்டுச்சு?”

“யார் படுக்கிறது?” என்று மதியழகன் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நான் படுக்குறேன்” என்றாள் நீலவேணி. “எனக்குத்தான் உள்ள எடம் இல்ல. எடம் இல்லாதவதான் கேக்கணும்.”

மதியழகன் வெகுநேரம் கையில் இருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “அப்புறம்னு சொன்னது என் தப்பு தோழர். ரெண்டு கோரிக்கையும் ஒண்ணா வைப்போம்” என்றார்.

போலீஸ், ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை, கேட் முன்னால் நின்று ஆர்ப்பாட்டம் மட்டும் செய்துகொள்ளலாம் என்றது.

ஆடி 20, வியாழன்

பூ வாடவில்லை என்கிற புரளியைப் பரிசோதிக்க, விஞ்ஞான நோக்கத்தில், பட்டப்பகலில் ஏரிக்கரைக்குப் போனேன். வாடவில்லைதான்.

நீலவேணி வாசலில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் என்னைப் பார்த்ததும் பேசினாள்.

“வாங்க மைக்காரரே. கப்பல் கேப்டன் சொகமா?”

“சௌக்கியம்” என்றேன். “போன வாரம்கூடப் பனிமலையை முட்டி உடைத்தான்.”

“கடுதாசி போடறாரா?”

“வேலை அதிகம்.”

“பாவம். ஊருக்கு வந்தா நெறைய நாள் தங்கச் சொல்லுங்க. கடல்ல சாப்பாடு சரியிருக்காது.”

டீ கொடுத்தாள். சர்க்கரை கம்மி, இஞ்சி தூக்கல். நான் கேட்கவில்லை, அப்படித்தான் குடிப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று இல்லை. ஆனாலும் தலைமாட்டுப் பக்கத்துச் செவந்திகள் மட்டும் மெல்ல ஏறி இறங்கின, நெஞ்சு மாதிரி.

“தெனம் இப்படித்தான்” என்றாள் அவள். “பயமில்ல. யாரோ காத்துக்கிட்டு இருக்காங்க, அவ்ளோதான்.”

“எதற்கு?”

“அத அவங்களத்தான் கேக்கணும்.”

ஆடி 23, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது மூங்கில் பேனாவின் குற்றம்.

காலியான பாடையை எட்டுப் பெண்கள் கேட் வரை தூக்கி வந்தார்கள். சல்லி சுமக்கிற தோள்கள். நடுவில் நான்கு தரம் இறக்கி வைத்தார்கள். “ஏற்கெனவே ஆளு இருக்குதுடி இதுல” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கேட் முன்னால் இறக்கி, நீலவேணியைப் படுக்க வைத்தார்கள். பச்சையம்மாள் ஒரு முனையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். எழும்பியது. ஆள் ஏறிய பிறகு எடை குறைந்த பாடையை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்தத் தரமும் முழுச் சடங்கு. மஞ்சள், எண்ணெய், சீயக்காய். ஒப்பாரி தொடங்கியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “யாரும்மா செத்தது?” என்று கேட்டார்.

“இன்னும் சாகல சார். போறப்ப வழி வேணுமில்ல” என்றார் மதியழகன்.

கேட்டுக்கு உள்பக்கம் வாட்ச்மேன். செஞ்சிப் பக்கத்து ஆள். கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார், சாவிக்கொத்து இடுப்பில். இன்று காலைதான் ஆபீசிலிருந்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்கள் தூக்கக் குனிந்தார்கள். பச்சையம்மாள் கையைக் குறுக்கே நீட்டினார்.

“நில்லுங்கடி. பொறந்த வீட்டுக் கோடி எங்க?”

எங்கள் பக்கம், பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் உடம்பை எடுக்க மாட்டார்கள். மாலை ஆனாலும் காத்துக் கிடப்பார்கள்.

“பச்சையம்மாக்கா, இது போராட்டம்” என்று மதியழகன் கெஞ்சினார்.

“போராட்டத்துக்குத்தான் சொல்றேன். போன தரம் பாதி செஞ்சிட்டு எந்திரிச்சுப் போன லட்சணத்தத்தான் இத்தனை நாளாப் பாக்குறோமே. செய்யறதுன்னா முழுசாச் செய்.”

பறை நின்றது. இருநூறு பேர். இன்ஸ்பெக்டர், வாட்ச்மேன், எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் தலைக்கு நேரே. தரையில் ஒருவருக்கும் நிழல் இல்லை. நீலவேணி கண் மூடிப் படுத்திருந்தாள். மூச்சு விடுவது தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். மூக்கு. எங்கள் அம்மாவின் மூக்கு பூவுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

இதற்குப் பிறகு நான் காற்றாகப் பறந்து, டவுனில் ஏழு கடை ஏறி இறங்கி, வழியில் ஒரு மதயானையை அடக்கி, புடவையோடு திரும்பினேன். கூட்டம் அப்படியே நின்றிருந்தது. ஒருவரும் நகரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே நடந்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக ஆட்கள் எனக்கு வழி விட்டார்கள்.

புடவையைப் பிரித்து அவள் மேல் போர்த்தினேன்.

கேட்டுக்கு உள்ளே சாவிக்கொத்துச் சத்தம். வாட்ச்மேன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். “கோடி விழுந்துட்டா நிறுத்தக் கூடாதுங்க சார்” என்று அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஒதுங்கினார். எட்டுப் பெண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் தெருப் பெண்கள் இதுவரை பார்க்காத பாதையில் நடந்தார்கள். பின்னால் மற்ற பெண்கள். அதற்கும் பின்னால்தான் ஆண்கள், நான் உட்பட, தோளில், கோஷத்துக்கென்று கொண்டுவந்திருந்த பேட்டரியோடும் குழாயோடும்.

பாடை வளைந்து வளைந்து போனது. எங்கே இறக்குவது என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் தாங்கள் இழுக்கப்படுவதாகச் சொன்னார்கள். எங்கள் வகையறா வரிசையில், அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வெற்று மண் மேல் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர்களால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

இறக்கினார்கள். பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“மைக்காரரே, இப்ப சொல்லு. நீ போத்துனது கோடியா, சீரா? கோடின்னா மம்முட்டி கொண்டாரச் சொல்லு, குழி வெட்டணும். ஆடி மாசம், சீருன்னா எழுப்பிக் கூட்டிட்டுப் போவணும். ரெண்டுல ஒண்ணு சொல்லாம இந்தப் பாடை நகராது.”

புடவை ஒன்றுதான். பிறந்த வீடு செத்தவளுக்குக் கொடுத்தால் கோடி. உயிரோடு இருப்பவளுக்கு ஆடியில் கொடுத்தால் சீர். யாருக்கு, என்ன முறையில் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

நீலவேணி அசையவில்லை. எனக்கு ஒரு கணம், இது விளையாட்டு இல்லை, நான் தாமதமாக வந்துவிட்டேன் என்று தோன்றியது. அவள் பாதம் வெளியே நீண்டிருந்தது. தொட்டேன். குளிர்ந்திருந்தது, அந்த வெயிலில்.

மைக்கை எடுத்தேன். உஸ் என்று காற்று. பின்னால் அந்த மூக்குறிஞ்சும் சத்தம்.

“புளியந்தாங்கல் காலனி, பொறையாத்தா வகையறா, தணிகாசலம்” என்றேன். காற்று. “கூடப்பிறந்த தங்கச்சி நீலவேணிக்கு” என்றேன்.

குழாய் அலறியது. ஏரியின் அந்தக் கரையில் கொக்குகள் எழும்பின. என் குரல் எனக்கே அந்நியமாக ஊரெங்கும் போய்த் திரும்பி வந்தது.

“ஆடிச் சீர்.”

செவந்திகள் சரிந்தன. அவள் எழுந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் தூங்கி எழுந்தவள் மாதிரி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து மேட்டைப் பார்த்தாள். கை வைத்து மண்ணைத் தட்டி, “இந்த எடம்தான் எனக்கு. எல்லாரும் பாத்துக்குங்க, சாட்சி” என்றாள். மதியழகன் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

பாடை வெறுமையாகத் திரும்பவில்லை. அவள் அதன் மேல் உட்கார்ந்தே வந்தாள், கல்யாணப் பல்லக்கு மாதிரி. கேட்டைக் கடக்கும்போது தாசில்தார் ஜீப் வந்து நின்றது. பூட்டு எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பச்சையம்மாளின் முந்தானை முடிச்சு வழக்கத்தைவிடக் கனமாகத் தொங்கியது. தாசில்தார், மறு உத்தரவு வரும்வரை கேட் திறந்தே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆடி 24, திங்கள்

பாடையில் பூவெல்லாம் இன்று விடிவதற்குள் கருகி உதிர்ந்துவிட்டதாக நீலவேணி ஆள் அனுப்பியிருந்தாள். மதியம் சாப்பிட வரச் சொல்லியும்.

போவதற்கு முன் ஒரு கணக்குத் தீர்த்துவிடுகிறேன். மேலே எழுதியதைப் படித்தவர்கள் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், அதுவே என் பெருமை. பாடைக்கு அடியில் குரல் கேட்டது என் காதுமெழுகாக இருக்கலாம். குழாய் ஊமையானது ஒயர் கோளாறு. அத்தைக்குக் கண் தெரியாது. யானையை நான் அடக்கவில்லை, யானையே இல்லை. ஏழு கடையும் இல்லை, ஒரே கடைதான்.

அந்தக் கடையில் நடந்தது மட்டும் நிஜம். புடவை வேண்டும் என்றேன். யாருக்கு என்றார் கடைக்காரர். தங்கச்சிக்கு என்றேன். தங்கச்சிக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.